மஞ்சள் சுவர்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள மீனா,

உன் கடிதம் நேற்றுச் சாயங்காலம் வந்தது. பையன் மூன்று வாரமாக அறையை விட்டு வெளியே வருவதில்லை, டாக்டர் டிப்ரஷன் என்று மாத்திரை எழுதியிருக்கிறார் என்று படித்ததும் என் தம்பி ஞாபகம் வந்துவிட்டது. போட்டது போட்டபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவன் படுத்த படுக்கையாகக் கிடந்தது உனக்குத் தெரியும். அதற்கு முந்தைய தை மாசம் நடந்ததைச் சொன்னதில்லை. ராத்திரி மூணு மணிக்குச் சத்தம் கேட்டு எழுந்து போனால், ஸ்டூல் மேல் நின்று சமையலறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். இரண்டு மணி நேரம்தான் தூங்கியிருப்பான், முகத்தில் களைப்பே இல்லை. அந்த வாரமே மூன்று தையல் மெஷின் வந்து இறங்கியது. பிள்ளைக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று அம்மா சோமேஸ்வரர் கோயிலில் அர்ச்சனை செய்தாள்.

கார்த்திகையில் விழுந்தான். 14 மணி நேரம் தூங்குவான். பிரஷ்ஷைப் பிடித்தபடி குழாய் முன்னால் நிற்பான், அதிலிருக்கும் பேஸ்ட் காய்ந்துபோகும்.

டாக்டரிடம் இதை மட்டும்தான் சொன்னோம். மஞ்சள் சுவரை யார் நோய் என்று நினைத்தோம்? டிப்ரஷன் மாத்திரை ஆரம்பித்து மூன்றாம் வாரம் தூக்கம் போய், பேச்சு வேகமாகி, ஊரெல்லாம் கடன் வாங்கினான். இங்கே மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸுக்குக் கூட்டிப் போனபோதுதான், "இதற்கு முன்னால் தூக்கமே தேவைப்படாமல் உற்சாகமாக இருந்ததுண்டா?" என்று கேட்டார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

படுத்துக் கிடக்கும்போது சாதாரண டிப்ரஷனும் தம்பிக்கு வந்த பைபோலாரும் ஒரே மாதிரிதான் இருக்கும், மீனா. சாதாரண டிப்ரஷனில் சோர்வு மட்டும் வந்து போகும். பைபோலாரில் மறுபக்கமும் உண்டு. நாலு நாளாவது நீடிக்கிற இலேசான எழுச்சி ஹைப்போமேனியா. ஒரு வாரமாவது நீடித்துக் குடும்பத்தையே குலைத்தால் மேனியா. இவர்களுக்கு டிப்ரஷன் மாத்திரையை மட்டும் கொடுத்தால், சிலரை அது அந்தப் பக்கம் தூக்கிவிட்டுவிடும்.

தம்பிக்கு இப்போது லித்தியம் மாத்திரை, மனசை ரெண்டு பக்கமும் சாயாமல் பிடித்து வைக்கிற மருந்து. 1949ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் மேனியாவுக்குக் கொடுத்துப் பார்த்த அதே உப்புதான். ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து அளவு பார்ப்பார்கள், தைராய்டும் சிறுநீரகமும் அவ்வப்போது பார்க்கணும். தண்ணீர் நிறையக் குடிக்கணும், வலி மாத்திரையைக் கேட்காமல் போடக் கூடாது. வேலைக்குப் போகிறான். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் சண்டை போடுகிறான், அதைக் கேட்கவே எனக்கு ஆசையாக இருக்கிறது.

உன் பையனுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. செத்துப்போகணும் என்கிற மாதிரி பேசினால் தனியே விடாதே. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, அரசு மனநல உதவி எண் 14416க்கும் போன் பண்ணு, ராத்திரியிலும் எடுப்பார்கள்.

போன வருஷம் ஆடியில் நீ எழுதிய கடிதத்தைத் தேடி எடுத்தேன். பத்து நாளாகத் தூங்காமல் பாட்டு எழுதுகிறான், இரண்டு கிடார் வாங்கிவிட்டான் என்று பூரித்து எழுதியிருக்கிறாய். இதோடு வைத்திருக்கிறேன். டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டு.

உன்,
கமலா