ஓசூரில் இருக்கும் மகளுக்கு, வண்டி வாங்கும் முன்

காங்கேயம்,
ஆடி முதல் வாரம்.

அன்புள்ள கண்ணு,

இங்கே நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். ஆடிக்காற்று இந்த வருடம் ஆனியிலேயே தொடங்கிவிட்டதால் தோட்டத்தில் இரண்டு முருங்கை மரங்கள் சாய்ந்துவிட்டன, மற்றபடி குறையில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அறையிலிருந்து சிப்காட்டுக்குள் இருக்கும் தொழிற்சாலைக்கு 7 கிலோமீட்டர் போய்வர ஒரு வண்டி வேண்டும், கூட வேலை செய்கிறவர்கள் 350 சிசி வண்டியாகப் பார்த்து வாங்கச் சொல்கிறார்கள், உனக்கு 100 சிசி போதும் என்று தோன்றினாலும் ஆறு மாதத்தில் அது சலித்துப்போகும் என்று அவர்கள் சொல்வது மனதை உறுத்துகிறது என்றாய். 1988-ல் முதல் 100 சிசி வண்டியை வாங்கியது முதல் பணி ஓய்வு பெற்ற நாள் வரை, கால்நடை ஆய்வாளராக நான் சுற்றிய ஊர்கள் அத்தனையையும் அந்த அளவு வண்டியிலேயே சுற்றியிருக்கிறேன். அதனால் இதை இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க எனக்கு வரவில்லை. ஸ்கூட்டர் வேண்டாம், கியர் வண்டிதான் என்று நீ முடிவு செய்துவிட்டபடியால் அந்தப் பேச்சுக்குள் நான் போகவில்லை.

நீ இப்போது இருக்கிற ஓசூரில்தான் 1980-ல் டிவிஎஸ் 50 உருவானது. இரண்டு பேர் உட்கார்ந்து போகும்படி நம் நாட்டில் வந்த முதல் மொபெட் அது. நம் பக்கத்தில் அது மாட்டுவண்டி செய்துவந்த வேலைகளில் பாதியைத் தன் தலையில் வாங்கிக்கொண்டது. சென்னிமலையில் போர்வைக் கட்டு, திருப்பூரில் பனியன் துணி மூட்டை, இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பால் கேன், சந்தைக்குப் போகும் வெள்ளாட்டுக்குட்டி என்று எல்லாவற்றையும் அந்தச் சிறிய வண்டிதான் சுமந்தது. பிறகு 1984-ல் இண்ட்-சுசூகியும் 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 ஆகியவையும் வந்தபோது, சின்ன இன்ஜின் என்றால் இளப்பம் என்ற நினைப்பு இங்கே யாருக்கும் இருக்கவில்லை. அந்த நினைப்பு பிற்பாடு, கல்யாண மண்டபத்து வாசலில் யார் வண்டி பெரியது என்று பார்க்கத் தொடங்கிய காலத்தில் வந்தது. "ஏனுங்க டாக்டரு, இன்னும் இந்த வண்டியேதானுங்களா?" என்று என்னைக் கேட்காத ஊர் இல்லை. நான் டாக்டர் இல்லை, ஆய்வாளர்தான் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தது போலவே, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதையும் விட்டுவிட்டேன்.

உன் உயரத்தை வைத்து இருக்கை உயரத்தைப் பற்றிக் கவலைப்பட்டாய். ஹீரோ கம்பெனியின் 100 சிசி வண்டியான ஸ்பிளெண்டரின் இருக்கை உயரம் 785 மி.மீ.; ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் இருக்கை 805 மி.மீ. இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் பெரிய விஷயமே அல்ல. எடையில்தான் விஷயம் இருக்கிறது: முன்னது ஏறத்தாழ 112 கிலோ, பின்னது 195 கிலோ. இடையில் இருக்கும் 83 கிலோ ஒரு முழு ஆள் பாரம். ஓடும்போது இந்த எடை உனக்குத் தெரியாது. சொல்லப்போனால் கனமான வண்டி நேர் சாலையில் இன்னும் நிதானமாகவே போகும். நிறுத்தும் இடத்தில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே இருந்து பின்னுக்கு இழுக்கும்போதும், சரிவில் கால் ஊன்றும்போதும், பஞ்சராகி ஒரு கிலோமீட்டர் தள்ளும்போதும், எல்லாவற்றுக்கும் மேலாக வண்டி கீழே சாய்ந்துவிட்டால் அதைத் தூக்கும்போதும்தான் தெரியும். தினமும் ஷிப்ட் முடிந்து இருட்டில் தனியாக வண்டி எடுக்கப்போகிற உனக்கு, குதிரைச் சக்தியைவிட இதுதான் முதலில் முக்கியம் என்று நினைக்கிறேன்.

நீ பிறப்பதற்கு முன்பு ஓர் ஐப்பசி இரவில், கன்று ஈன முடியாமல் தவித்த ஒரு மாட்டைப் பார்க்க ஊதியூர் மலைக்குப் பின்பக்கம் தோட்டத்துக்குள் இருந்த ஒரு சாளை வீட்டுக்குப் போனேன். இருபுறமும் கிளுவை வேலி, நடுவே ஓர் இட்டேரி, அதில் முழங்கால் அளவு தண்ணீர். கால்வாசி தூரம் போனதும் முன்சக்கரம் சேற்றில் வழுக்கி, வண்டி இடதுபக்கம் படுத்துவிட்டது. உறைவிந்துக் குச்சிகள் இருந்த நைட்ரஜன் கேன் மூடி திறந்துவிடக்கூடாதே என்பதுதான் அப்போதைய பயம். கேனை எடுத்து வேலியோரம் வைத்துவிட்டு, ஹேண்டில்பாரைத் திருப்பிப் பிடித்து, தொடையால் முட்டுக்கொடுத்து வண்டியை நிமிர்த்தினேன். நான்காவது உதையில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கன்றையும் எடுத்துவிட்டேன், கிடாரிக்கன்று. 195 கிலோ வண்டியாக இருந்திருந்தால் விடியும் வரை அந்த இட்டேரியிலேயே நின்றிருப்பேன். பெரிய வண்டி வைத்திருந்த சக ஊழியர் ஒருவர் அந்த மாதிரி ஊர்களுக்குக் கிளம்பும்போது, என் வண்டியைத்தான் கேட்டு வாங்கிப் போவார்.

ஸ்பிளெண்டர் வகை 100 சிசி இன்ஜின் எவ்வளவு சிறியது என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உருளையின் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் போய்வரும் தூரம் 49.5 மி.மீ.; பெருக்கிப் பார்த்தால் 97.2 கன சென்டிமீட்டர். நாம் காபி குடிக்கும் டம்ளரில் பாதி. அதிலும் பாதியான 49 சிசி இன்ஜினை வைத்துக்கொண்டே உருப்படியான ஒரு வண்டியை ஓட்ட முடியும் என்பதை ஜப்பானில் ஹோண்டா கம்பெனி 1958-ல் சூப்பர் கப் என்ற வண்டியில் காட்டியது. 2017-ல் அந்த வரிசையில் 10 கோடியாவது வண்டி வெளிவந்தது. சிலிண்டரைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்தது போன்ற அதன் அமைப்பையே நம் ஊர் 100 சிசி வண்டிகள் பலவும் பின்பற்றுகின்றன. வண்டியும் லேசு, பாரமும் தாழ்வாக இருப்பதால் நெரிசலில் நடைவேகத்தில் போகும்போது சமாளிப்பது எளிது.

சின்ன வண்டி என்றதும் எல்லோரும் மைலேஜைச் சொல்வார்கள். அதற்காக மட்டும் வாங்காதே. உனக்கு நாளுக்கு 14 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 364 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு 6 லிட்டர் பெட்ரோல், 35 கொடுக்கும் வண்டிக்குப் பத்தரை லிட்டர். மாதத்துக்கு நாலரை லிட்டர் மிச்சத்துக்காக ஒருவர் தன் விருப்பத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. தினமும் 80 கிலோமீட்டர் சுற்றிய எனக்குத்தான் அந்தக் கணக்கு பெரிது. உனக்கு மிச்சமாவது வேறு இடத்தில்: ஆயில் ஒரு லிட்டர் போதும், டயர் விலை குறைவு, முழுக்க மூடிய செயின் கவர் இருக்கும் வண்டியில் புழுதி படியாததால் செயின் ஸ்பிராக்கெட் வெகுநாள் வரும், எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் கிளட்ச் கேபிளும் பிரேக் ஷூவும் கையிருப்பில் இருக்கும்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தைப் போல் ஏறுவதில்லை. வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகும்; அதை வெல்ல வேண்டிய சக்தியோ எட்டு மடங்காகும். 40-ல் போகும்போது 8 குதிரைச் சக்தி தாராளமாக இருப்பதும், 80-ல் அதே இன்ஜின் கை நடுங்க நடுங்க முனகுவதும் இதனால்தான். ஊருக்குள் இது ஒரு குறையே அல்ல. இருவழிச் சாலையில் லாரியை முந்தும்போதுதான் இதன் பொருள் விளங்கும். லாரி 50-ல் போகிறது, நீ 65-ல் முந்துகிறாய் என்று வை. லாரியின் நீளமும் முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளியும் சேர்த்து 40 மீட்டரைக் கடக்க உனக்குப் பத்து விநாடி ஆகும். அந்தப் பத்து விநாடியில் நீ 180 மீட்டர் போயிருப்பாய். எதிரே வரும் பேருந்தும் அதே வேகத்தில் வந்தால் அதுவும் 180 மீட்டர் வந்திருக்கும். ஆக 360 மீட்டர் சாலை காலியாக இருக்க வேண்டும். பெரிய வண்டிக்காரர் கொஞ்சம் திருகினால் பாதி நேரத்தில் முடிகிற வேலை இது. சின்ன வண்டியில் திருகுவதற்கு மேற்கொண்டு ஒன்றும் இருக்காது. தாராபுரம் சாலையில் எத்தனையோ முறை, முந்தலாமா என்று தோன்றிய இடத்தில் முந்தாமல் லாரிப்புகையைக் குடித்துக்கொண்டே போயிருக்கிறேன்.

இரண்டாவது, காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்து நான் பார்த்ததில்லை, 110 கிலோ வண்டி நகர்ந்து பார்த்திருக்கிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் எவ்வளவு வேகமாக வீசும் என்பதை அங்கே நிற்கும் காற்றாலைகளே சொல்லும். ஒரு ஆடி மாதம் குண்டடம் தாண்டி, வரிசையாக நின்ற புளிய மரங்கள் முடிந்து வெட்டவெளி தொடங்கிய இடத்தில், பக்கவாட்டுக் காற்று ஒரே தள்ளாகத் தள்ளி என்னைச் சாலையின் நடுக்கோட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. பின்னால் கட்டியிருந்த பெட்டி பாய்மரம் போல அந்தக் காற்றை வாங்கிக்கொடுத்தது. எதிரே வந்த பேருந்து ஓட்டுநர் ஓரம் ஒதுங்கியதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அன்று முதல், மரவரிசை முடியும் இடத்தையும் பெரிய லாரியின் மறைவிலிருந்து வெளிவரும் கணத்தையும் எதிர்பார்த்து, முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிடுவேன்.

சிறு குறைகளும் உண்டு. 80 மி.மீ. அகல டயர் தார் விளிம்பிலிருந்து இறங்கி ஏறும்போது வெட்டும். அடிப்படை மாடல்களில் இரண்டு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான வண்டிகளில் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடாவது கட்டாயமாக்கப்பட்டது என்பதால் பழைய வண்டிகளைவிடப் பரவாயில்லை. அதற்கு மேற்பட்டவற்றில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அப்போதே கட்டாயமாக்கப்பட்டது; இந்த ஒன்றில் பெரிய வண்டி உண்மையிலேயே மேல், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் சின்ன வண்டியில் நான் மிகவும் பயப்படுவது அதன் பணிவுக்கு. எதைச் சொன்னாலும் செய்வதால் எதையும் சொல்லலாம் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. உனக்கு நான்கு வயதில், பண்ணாரி அம்மனைக் கும்பிட்டதோடு நிற்காமல், திம்பம் பார்க்கலாம் என்று உன்னைப் பெட்ரோல் டேங்கின் மேலும் அம்மாவைப் பின்னாலும் உட்காரவைத்து 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினேன். பாதிக்கு மேல் முதல் கியர்தான். ஒரு வளைவில் வண்டி நின்றே போனது. உன் அம்மா ஒன்றும் பேசாமல் இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த வளைவை நடந்தே ஏறினாள். இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினேனோ அதே கியரில் இறங்கியும், கீழே பண்ணாரிக்கு வரும்போது பின்பிரேக்கில் கருகல் வாசம் அடித்தது. உன் தலையில் ஹெல்மெட்கூட இல்லை. அந்தப் பயணத்தை நீ பெருமையாகப் பலரிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது பெருமை இல்லை, கண்ணு. வண்டி மறுத்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன்.

ஆகவே நீ 100 சிசி வண்டியையே வாங்கிக்கொள். தோழி ஒருத்தி தினமும் பின்னால் வருவாள் என்றால் 125 சிசியையும் ஒரு முறை ஓட்டிப்பார். ஆனால் அந்த வண்டியில் ஊருக்கு வரக்கூடாது. ஓசூரிலிருந்து இங்கே 250 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் வருவதைப் பற்றி நீயே செய்தித்தாளில் படித்திருப்பாய். சேலம் வழியாகப் பேருந்தில் ஈரோட்டுக்கு வந்துவிடு, அங்கிருந்து நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். பெங்களூருக்குப் போகும் பெரிய சாலையிலும் அத்திப்பள்ளி தாண்டிப் போக வேண்டியிருந்தால் பேருந்தே நல்லது. ஆறு மாதத்தில் சலிக்குமா என்று கேட்டாய். சலிக்கலாம். மழைநாளில் ஷிப்ட் முடிந்து வரும்போது ஒரே உதையில் கிளம்பினால் போதும் என்று நினைக்கும் நாள்களும் அந்த ஆறு மாதத்தில் இருக்கும்.

அடுத்த வாரம் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொள், நானும் அங்கே வருகிறேன். அம்மா கச்சாயம் சுட்டுத் தருவதாகச் சொல்கிறாள். ஷோரூமில் இரண்டு வகை வண்டியையும் வெளியே எடுத்து நிறுத்தச் சொல்வோம். சென்டர் ஸ்டாண்டு போட்டு எடுப்பதையும், வாசல் சரிவில் ஐந்தடி பின்னுக்கு இழுப்பதையும் நீதான் செய்ய வேண்டும். நான் கை கொடுக்க மாட்டேன், விற்பனைக்கு நிற்கும் பையனையும் கொடுக்க விடமாட்டேன்.

அன்புடன்,
அப்பா