கல்லா டிராயரில் கிடக்கும் காகிதங்கள்: கோலாலம்பூர்க் கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிமார்களே, வணக்கம்.

பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜிட் இந்தியா, செந்தூல் பக்கம் உணவகமும் முடிதிருத்தும் கடையும் பூக்கடையும் நடத்தி, தமிழ்நாட்டிலிருந்து ஆள் எடுத்து வேலை கொடுக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறோம். வெளிநாட்டவருக்கு அரசு மருத்துவமனைக் கட்டணம் அதிகம் என்று உங்களில் பலர் குறைபட்டுக்கொள்கிறீர்கள். உண்மைதான், அதைச் சுகாதார அமைச்சிடம் தனியாகப் பேசிக்கொள்வோம். கட்டணம் ஒருபுறம் இருக்க, உங்கள் தொழிலாளி வார்டு வாசலில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு: அவருடைய கடப்பிதழும் (பாஸ்போர்ட்) காப்புறுதித் தாளும் உங்கள் கல்லா டிராயரில் பூட்டிக் கிடக்கின்றன.

கணக்கைப் பாருங்கள். குடிமக்கள் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பார்க்கும் அரசு கிளினிக்கில் வெளிநாட்டவருக்கு 40 வெள்ளி. நிபுணரிடம் போனால் 5 வெள்ளிக்குப் பதில் 120. 2017இல் கட்டணம் உயர்ந்தபோது, மூன்றாம் வகுப்பு வார்டில் சேர்வதற்கான முன்பணம் சாதாரண சிகிச்சைக்கு 1,400 வெள்ளி, அறுவை சிகிச்சைக்கு 2,800 வெள்ளி என்றாகியது. ராத்திரி ரொட்டி சானாய் வீசிக்கொண்டிருக்கும் பையனின் சட்டைப்பையில் இந்தப் பணம் எப்படி இருக்கும்? இதற்காகத்தான் 2011 முதல் ஸ்பிக்பா என்னும் வெளிநாட்டுத் தொழிலாளர் மருத்துவமனைக் காப்புறுதி கட்டாயமாக இருக்கிறது. அரசு மருத்துவமனை வார்டுச் செலவுக்கு ஆண்டுக்கு 20,000 வெள்ளி வரை அது தாங்கும். வெளிநோயாளியாக மருந்து வாங்கி வருவதற்கு அது உதவாது. இதை அறியாமல் கிளினிக் ரசீதை நீட்டி ஏமாறுகிறவர்கள் உண்டு. செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று காப்புறுதி நிறுவனம் தரும் உத்தரவாதக் கடிதம் வந்துவிட்டால் முன்பணச் சிக்கல் தீரும். கடிதம் வர வேண்டுமானால் காப்புறுதி எண்ணைச் சொல்ல வேண்டும். பிரீமியம் கட்டியாயிற்று, எண் மட்டும் டிராயரில் தூங்குகிறது.

ஆகவே முதல் வேலையாகக் கடப்பிதழை அவரவரிடமே கொடுத்துவிடுங்கள். அடுத்தவர் கடப்பிதழைப் பிடித்து வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். "தொலைத்துவிடுவான்" என்று நீங்கள் சொல்வீர்கள் என்பதும் தெரியும். ஒரு ஜிப் பை வாங்கிக் கொடுங்கள், ஐந்து வெள்ளிகூட ஆகாது. கடப்பிதழின் முதல் பக்கம், வேலை பெர்மிட், ஸ்பிக்பா தாள், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) எண் ஆகிய நான்கையும் அவருடைய கைப்பேசியில் படமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பெயரில் கவனம் வேண்டும். கடையில் எல்லாரும் "செல்வம்" என்று கூப்பிடுவார்கள், கிளினிக்கிலும் அதையே சொல்லிவிடுவார், கடப்பிதழிலோ அப்பா பெயரோடு முழுநீளப் பெயர் இருக்கும். எம்சியில் (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) ஒரு பெயர், காப்புறுதியில் ஒரு பெயர் என்றால் கோரிக்கை இழுபறியாகிவிடும்.

பெர்மிட் புதுப்பிக்கத் தாமதமானால் காப்புறுதியும் அதோடு அறுந்து போகும் என்பதை மறவாதீர்கள். ஆள் பற்றாக்குறை என்று தம்பி கடைக்கு, மச்சான் கடைக்கு அனுப்புவதும் இதே வகைச் சிக்கல்தான். விபத்து நடந்த கடை ஒன்று, பெர்மிட்டில் உள்ள முதலாளி வேறு என்றால் எந்தப் படிவத்தில் யார் கையெழுத்துப் போடுவது? ஆவணம் செல்லாதவர்களைப் பற்றிக் காவல்துறைக்கும் குடிநுழைவுத் துறைக்கும் தகவல் தரச் சொல்லும் 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்று மருத்துவமனைகளுக்கு உண்டு. அந்தப் பயத்தில் பெர்மிட் இல்லாதவர்கள் கட்டிலிலேயே படுத்துக் கிடந்து, நிலைமை முற்றிய பிறகு வருகிறார்கள்.

சொக்சோ விஷயத்தில் இன்னும் பல கடைகளில் அசட்டை இருக்கிறது. வேலையிட விபத்துக்கான பாதுகாப்பு 2019 ஜனவரியிலிருந்தே வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் உண்டு. 2024 ஜூலையில் இயலாமைத் திட்டமும் சேர்ந்தது. 1,700 வெள்ளி சம்பளத்துக்கு உங்கள் பங்கு மாதம் ஏறக்குறைய 30 வெள்ளி, அவர் பங்கு அதைவிடக் குறைவு. எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தாலும், வேலைக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிள் சறுக்கினாலும் இது பொருந்தும். விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டியது நீங்கள். நான்கு நாளுக்குக் குறையாத எம்சி இருந்தால் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். "கடையில் நடந்தது என்று சொல்லாதே" என்று சொல்லி அனுப்பினால் அந்தப் பணம் போயிற்று.

இனி நோய். நெஞ்சு அடைக்கிறது, இடது தோள் இழுக்கிறது, குப்பென்று வியர்க்கிறது என்றால் நம்மவர்கள் அதை "வாயு" என்பார்கள். ஓமத் தண்ணீரோ சோடாவோ கொடுத்துப் பார்த்து மணிக்கணக்கை விட்டுவிடுவார்கள். அந்த நிலையில் அவசர எண் 999ஐ அழைப்பதுதான் சரி. மலாயில் "சாக்கிட் டாடா" என்று சொன்னால் போதும், நெஞ்சு வலி என்று புரிந்துகொள்வார்கள். பக்கத்தில் தனியார் மருத்துவமனை மட்டுமே இருந்தாலும் தயங்க வேண்டாம். அவசர நிலையில் வந்தவரை முதலில் நிலைப்படுத்துவது 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் கடமை.

டெங்கி அதைவிடத் தந்திரக்காரக் காய்ச்சல். மூன்று நாளுக்குப் பிறகு காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. இறங்கிவிட்டதே என்று அடுப்படிக்கு அனுப்பிவிடாதீர்கள். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், எழ முடியாத சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைதான். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டும். தோசைக்கல்லில் கை சுட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசையும் மஞ்சளும் வேண்டாம், பிறகு அதைச் சுரண்டி எடுப்பது தாதியர்தான்.

இரண்டு வாரம் தாண்டிய இருமலை மறைக்கிறார்கள். ஃபொமேமா என்னும் வெளிநாட்டுத் தொழிலாளர் மருத்துவச் சோதனையில் காசநோய் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம்தான் காரணம், அது வீண் அச்சமும் அல்ல. ஆனால் எட்டுப் பேர் படுக்கும் விடுதி அறையில் மறைக்கப்படும் இருமல், மற்ற ஏழு பேருக்கும் போகும். ஜன்னல் திறக்கும் அறையாவது கொடுங்கள்.

எம்சி எடுத்த நாளுக்குச் சம்பளம் பிடிக்க உங்களுக்கு உரிமை இல்லை. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் வெளிநாட்டவருக்கும் ஒன்றுதான்: வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் என்றால் வருடத்துக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குள் 18, அதற்கு மேல் 22. வார்டில் சேர்ந்தால் 60 நாள் வரை தனி.

கடைசியாக ஒரு கைப்பேசி எண். உத்தரவாதக் கடிதத்துக்காக மருத்துவமனையிலிருந்து உங்களைத் தேடுவது பெரும்பாலும் கடை சாத்திய பிறகுதான். அந்த நேரத்தில் எடுத்துப் பேசக்கூடிய ஒருவரின் எண்ணை, காப்புறுதி எண்ணோடு சேர்த்துச் சமையலறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவமனை முகப்புகளில் மொழிபெயர்த்து உதவும் தமிழர் சிலர்,
கோலாலம்பூர்