இடது ஓரத்தில் ஒரு பூஜ்யம்

தருமபுரி
ஞாயிறு இரவு

மாப்ளே செல்வம்,

தீபாவளிக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை, திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். ராமக்காள் ஏரியில் தண்ணீர் நிற்கிறது. அப்பா இன்னும் 'அந்த கேசரிப் பையன் எப்படி இருக்கான்' என்றுதான் உன்னைக் கேட்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்கு வெப்பக்கடத்தலில் ஒரு அசைன்மென்ட். சதுரத் தகடு, மேல் ஓரம் 100 டிகிரி, மற்ற மூன்றும் 0. சூடு நிலைத்த பிறகு உள்ளே எங்கே எவ்வளவு? 'நீங்களும் மெக்கானிக்கல்தானேப்பா' என்று உட்காரவைத்துவிட்டாள். தகட்டைப் பதினாறு கட்டமாக்கினால் உள்ளே கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் ஒன்பது புள்ளி. ஒவ்வொன்றும் பக்கத்து நான்கின் சராசரி, அவ்வளவுதான். ஃபார்முலா சுற்றிச் சுற்றி வருகிறது என்று எக்செல் முதலில் முறைத்தது. திரும்பத் திரும்பக் கணக்குப் போடும் இட்டரேஷனை ஆன் செய்ததும் எண்கள் கொஞ்சம் தள்ளாடி அடங்கின. நடுப்புள்ளி 25. நாலு ஓரமும் 100 என்றால் நடுவிலும் 100தானே, அதில் ஒரு ஓரத்தின் பங்கு கால்வாசி. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த கேள்வியில் மாட்டினேன். இடது ஓரத்துக்கு இன்சுலேஷன். வெப்பம் போகாது, ஆகவே 0 என்று விட்டுவிட்டேன். "முன்னாடி போட்டதுக்கும் இதுக்கும் என்னப்பா வித்தியாசம்?" என்றாள். 0 என்றால் அங்கே ஐஸ்கட்டி வைத்த மாதிரி, வருகிற சூட்டையெல்லாம் குடித்துவிடும். இன்சுலேஷன் போட்டு மூடிய ஓரத்தின் வெப்பநிலையை நாம் சொல்லக்கூடாது, அதையும் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஓரத்துப் புள்ளிக்கு வெளியே பக்கத்து ஆளில்லை. அதனால் உள்பக்கத்துப் புள்ளியை இரண்டு தடவை எண்ணி, மேலும் கீழும் கூட்டி, நான்கால் வகுக்க வேண்டும். அவள் மாற்றிப் போட்டாள். நடுப்புள்ளி 36ஐத் தாண்டியது. பதினோரு டிகிரிடா!

அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. மூன்றாம் வருஷப் பரிட்சையில் இதே கணக்கு, நான் 0 போட்டேன். என் பேப்பரைப் பார்த்து எழுதியவன் நீ. நான் டைல்ஸ் விற்கப் போய்விட்டேன், என் தப்பால் யாருக்கும் நஷ்டமில்லை. நீ ஓசூரில் உலைச்சுவருக்குக் கணக்குப் போடுகிறாய். 0 கொடுத்தாலும் சாஃப்ட்வேர் வாயைத் திறக்காது, சிவப்பும் நீலமுமாக அழகான படம் வரைந்து கொடுக்கும்.

விளையாட்டில்லை மாப்ளே. நாளைக்கு ஷிஃப்ட் ஏறியதும் பழைய ஃபைல்களை எடுத்து, மூடிய ஓரங்களை மட்டும் ஒரு தடவை பார். சரியாக இருந்தால் ஃபோன் பண்ணித் திட்டு. இல்லையென்றால் வேறு யாரிடமும் பேசுவதற்கு முன்னால் என்னிடம் பேசு.

உன்,
முருகேசன்