சீனாவின் நான்ஜிங்கில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. மதில் முழுவதையும் எடுக்காமல் ஒரு செங்கல்லுக்குக் கிட்டப் போய் எடுத்திருக்கிறாய், எனக்குப் பெரிய சந்தோஷம். உன் சிநேகிதி வாசித்துச் சொன்னது சரிதான். எந்த ஊர், பொறுப்பான அதிகாரி யார், சூளைக்காரன் யார், மண் குழைத்து வார்த்தவன் யார் என்று நான்ஜிங் மதிலின் பல செங்கற்களில் பெயர் பதிந்திருக்கும். மிங் வம்சத்தை நிறுவிய ஜு யுவான்சாங் செய்த ஏற்பாடு அது. செங்கல் சரியில்லை என்றால் ஆளைப் பிடிக்கலாம். அப்படி 35 கிலோமீற்றர் கட்டினார்கள். அறுநூறு வருடத்துக்குப் பிறகும் அதில் பெரும்பகுதி நிற்கிறது.

"இவ்வளவு கண்டிப்பாகக் கட்டியவர்கள் ஏன் அப்பா விழுந்தார்கள்?" என்று கேட்டாய். தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

சீன வம்சங்கள் விழுந்ததற்குப் புத்தகங்களில் காரணம் நிறைய இருக்கும். வறட்சி, வெள்ளம், வடக்கிலிருந்து வந்த குதிரைப் படைகள், அரண்மனைச் சண்டை. எல்லாம் உண்மைதான். ஆனால் நான் வேலைக்காலம் முழுக்கத் தபால் கந்தோரில் இருந்தவன். அரியணையில் இருந்தவனைவிட அவனுடைய கடிதத்தைச் சுமந்து ஓடியவன் மேல்தான் என் கண் போகும். அப்படிப் பார்க்கும்போது ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது. வம்சம் எழும்பும் காலத்தில் அதன் கை கடைசி மட்டத்து ஆள்வரைக்கும் எட்டுகிறது. விழும் காலத்தில் அந்த ஆள் எங்கே இருக்கிறான், சாப்பிட்டானா என்பதுகூட மேலே தெரிவதில்லை. கவிழ்க்கிறவன் அநேகமாக அந்த மட்டத்திலிருந்துதான் வருகிறான்.

சின் வம்சத்தைப் பார். கி.மு. 221இல் மற்ற நாடுகளையெல்லாம் அடக்கி முதல் பேரரசை அமைத்தவர்கள். எழுத்து, நிறை, அளவு, வண்டிச் சக்கரங்களின் இடைவெளி எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஹூபெய் மாகாணத்தில் ஷுய்ஹூடி என்ற இடத்தில் 1975இல் அந்தக் காலத்துக் கல்லறைகளைத் தோண்டத் தொடங்கினார்கள். ஒன்றில் மரப்பலகையில் எழுதிய இரண்டு கடிதங்கள் கிடைத்தன. போர்முனையில் இருந்த ஹெய்ஃபூ, ஜிங் என்ற சகோதரர்கள் வீட்டுக்கு எழுதியவை. சீனாவில் கிடைத்த வீட்டுக் கடிதங்களில் இவைதான் மிகப் பழையவை. என்ன எழுதினார்கள் தெரியுமா? அம்மா சுகமா என்று கேட்கிறார்கள். பிறகு காசும் கோடை உடுப்பும் அனுப்பச் சொல்கிறார்கள். ஊரில் துணி மலிவென்றால் தைத்து அனுப்புங்கள், விலையென்றால் காசை மட்டும் அனுப்புங்கள், இங்கே வாங்கித் தைத்துக்கொள்கிறேன் என்கிறான் ஹெய்ஃபூ. ஜிங் கடன் வாங்கியிருக்கிறான். காசு வராவிட்டால் செத்தேன், அவசரம், அவசரம், அவசரம் என்று மூன்று தரம் எழுதுகிறான்.

உலகத்தை ஆட்டிய படையின் சிப்பாய்க்கு உடுப்பு அம்மாவிடமிருந்துதான் வரவேண்டியிருந்தது. அரசாங்கத் தபால் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அது அரசாங்கக் கடிதங்களுக்கு மட்டும். இவர்களுடைய பலகைகளை ஊர் திரும்பிய தோழர் யாராவது மடியில் வைத்துக் கொண்டுபோயிருக்க வேண்டும். நான் எத்தனையோ மூட்டை கடிதம் தரம் பிரித்தவன். அந்த இரண்டைப் பற்றி முதலில் வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

கி.மு. 209இல் எல்லைக் காவலுக்குப் போய்க்கொண்டிருந்த 900 பேர் மழையில் அகப்பட்டார்கள். பிந்திப் போனால் மரண தண்டனை, கலகம் செய்தாலும் மரண தண்டனை, ஆகவே கலகம் செய்வோம் என்றான் அவர்களில் ஒருவனான சென் ஷெங். ஹான் காலத்து வரலாறு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஷுய்ஹூடியில் இன்னொரு கல்லறையில், ஒரு சின்ன அதிகாரியின் உடலோடு வைத்த மூங்கில் ஏடுகளில், ஊழிய வேலைக்குப் பிந்தி வருபவனுக்கு அபராதம்தான், மழை என்றால் அதுவும் இல்லை என்று இருக்கிறது. எல்லைக் காவலுக்கு வேறு விதி இருந்திருக்கலாம். எப்படியோ, மழையில் நின்றவர்கள் சட்டத்தில் இரக்கம் இருக்கும் என்று நம்பவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. கடைசியில் ஆட்சியைப் பிடித்த லியூ பாங்கும் ஊர்க் காவல் நிலையப் பொறுப்பாளன்தான். கூட்டிப்போன கைதிகளில் சிலர் தப்பி ஓடிவிட, இனி எனக்கும் தலை தப்பாது என்று மிச்சப் பேரையும் அவிழ்த்துவிட்டவன். அவன் அமைத்த ஹான் வம்சம், இடையில் ஒரு சின்ன முறிவைத் தவிர, கி.பி. 220 வரைக்கும் இருந்தது. கடதாசி வந்தது அந்தக் காலத்தில்தான்.

தாங் வம்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அவர்களுடைய கவிதையையும் நகரங்களையும் பற்றி நீயே அங்கே நிறையக் கேள்விப்பட்டிருப்பாய். நாடு முழுக்க 1,600க்கு மேற்பட்ட அஞ்சல் நிலையங்கள், குதிரையும் படகும். பேரரசரின் பிரியத்துக்குரிய யாங் குய்ஃபெய்க்குத் தெற்கிலிருந்து லிச்சிப் பழம் வந்ததும் அந்த அஞ்சல் குதிரைகளில்தான். 755இல் ஆன் லூஷான் என்ற தளபதி கலகம் செய்தான். அந்த வருடப் பதிவேட்டில் 5 கோடியே 29 லட்சம் பேர். 764இல் 1 கோடியே 69 லட்சம். மிச்சம் மூன்றரைக் கோடிப் பேரும் செத்துவிட்டார்கள் என்று சிலர் எழுதுவார்கள். அது பிழை. செத்தவர்கள் ஏராளம்தான், ஆனால் பெரும்பகுதி பதிவிலிருந்துதான் காணாமல் போனது. ஊரைவிட்டு ஓடினார்கள், கணக்கெழுதும் ஆட்கள் இல்லை, பல மாகாணங்கள் தலைநகருக்குக் கணக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டன. அதன்பிறகும் தாங் ஆட்சி உப்பு வரியைப் பிடித்துக்கொண்டு 907 வரைக்கும் உயிர் வைத்திருந்தது. 881இல் அவர்களுடைய தலைநகரத்தைச் சூறையாடிய ஹுவாங் சாவ் யார்? அரசுத் தேர்வில் தோற்று உப்புக் கடத்தியவன்.

சோங் வம்சத்துக்கு என் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. சோழர் தூதுக்குழு 1015இலும் 1077இலும் போனது அவர்களிடம்தான். காசுநோட்டு, அச்செழுத்து, கடல் வணிகம் என்று மற்ற எவரையும்விட முன்னால் நின்றார்கள். வெளியிலிருந்து வந்த படைகள் அவர்களை முடித்தன. 1127இல் வடபாதி போனது, 1279இல் மங்கோலியரிடம் எல்லாமே போனது.

சரி, உன் ஊருக்கு வருகிறேன். ஜு யுவான்சாங் ஏழை விவசாயி மகன். 1344இல் பஞ்சமும் கொள்ளைநோயும் பெற்றோரைக் கொண்டுபோக, புத்த மடத்தில் சேர்ந்து பிச்சை எடுத்தான். 1368இல் நான்ஜிங்கில் பேரரசன். கீழே இருப்பவன் அதிகாரியிடம் படும் பாட்டை அனுபவித்தவன், அதனால் அதிகாரிகளை நம்பவே இல்லை. கொடூரமான ஆளும்கூட, அவன் கையால் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். ஆனால் ஒவ்வொரு குடும்பத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்று நின்றான். பத்து வருடத்துக்கு ஒருமுறை நாடு முழுக்க எழுதிய அந்த மஞ்சள் அட்டைப் பதிவேடுகளை எங்கே வைத்தார்கள் தெரியுமா? நீ பின்னேரம் நடக்கப்போகும் சுவான்வு ஏரியின் தீவுகளில். நெருப்பு அண்டாது, கண்டவனும் உள்ளே போக முடியாது. 1393இல் எழுதிய கணக்கு 6 கோடியே 5 லட்சம் பேர். 1578இல் 6 கோடியே 7 லட்சம். நூற்றெண்பது வருடத்தில் இரண்டு லட்சம்தானா கூடியிருக்கும்? நாடு எங்கும் ஊர்கள் பெருகிய காலம் அது. பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டை எழுதினார்கள், அவ்வளவுதான். பேர் இருந்தது, ஆள் இல்லை. ஆள் இருந்தான், பேர் இல்லை.

சின்ன வயதில் கொழும்பு நூதனசாலைக்குக் கூட்டிப்போய் உனக்கு ஒரு கல்வெட்டுக் காட்டினேன். 1409இல் நான்ஜிங்கில் வெட்டி, மிங் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கப்பலில் வந்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனார் என்ற இந்துக் கடவுளுக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய முறைப்படியும் காணிக்கை எழுதியிருக்கும். பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று பட்டியல். அந்தத் தமிழை வெட்ட உன் ஊரில் அன்றைக்குத் தமிழ் தெரிந்தவர் ஒருவராவது இருந்திருக்க வேண்டும். ஆனால் அதை வெறும் நட்பு என்று நினைத்துவிடாதே. 1411இல் அதே செங் ஹே இங்கே இலங்கையில் சண்டை பிடித்து, ஆட்சியில் இருந்த அழகேசுவரனை நான்ஜிங்குக்குப் பிடித்துக்கொண்டு போனான். 1433க்குப் பிறகு அந்தக் கப்பல்களே வரவில்லை. காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்த கல்லை 1911இல்தான் கண்டெடுத்தார்கள்.

மிங் வம்சத்தின் முடிவு எனக்கு மனவருத்தம் தரும் கதை. 1627இல் வந்த சொங்சென் பேரரசர் சோம்பேறி இல்லை, இராப்பகலாக வேலை செய்தவர். வடக்கே மஞ்சூரியருடன் போர், வடமேற்கே ஷான்சியில் கடும் வறட்சி, கஜானாவில் காசு இல்லை. அஞ்சல் நிலையங்களில் செலவு அதிகம் என்று ஓர் அதிகாரி 1629இல் எழுதிக் கொடுத்தார். உண்மையும் அதுதான், பெரிய மனிதர்கள் சொந்தப் பயணத்துக்கு அஞ்சல் குதிரைகளை ஓசியில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் வெட்டு விழுந்தது பெரிய மனிதர் மேல் இல்லை, குதிரைக்காரன் மேல். பஞ்சம் நடக்கும் மாகாணத்தில், வேறு பிழைப்பே இல்லாத இடத்தில், நிலையங்களை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் வேலை போன ஓர் அஞ்சல்காரன் லி சிச்செங். கலகக் கூட்டத்தில் சேர்ந்தான், தலைவனானான். 1644 ஏப்ரலில், அப்போதைய தலைநகரான பெய்ஜிங்குக்குள் நுழைந்தான். பேரரசர் அரண்மனைக்குப் பின்னால் உள்ள குன்றில் தூக்கில் தொங்கினார். சில வாரங்களில் மஞ்சூரியர் வந்து லி சிச்செங்கையும் துரத்திவிட்டுச் சிங் வம்சத்தைப் பெய்ஜிங்கில் அமர்த்தினார்கள்.

அந்த வெட்டு ஒன்றுதான் மிங்கைக் கவிழ்த்தது என்று சொல்லமாட்டேன். வறட்சி இல்லாவிட்டால், போர் இல்லாவிட்டால் அவன் வேறு வேலை தேடியிருப்பான். இருந்தாலும் மிச்சம் பிடிக்க வேண்டிய நேரத்தில் யாரிடமிருந்து மிச்சம் பிடித்தார்கள் என்று நினைக்க எனக்கு ஆறவில்லை.

சிங் காலத்தை நீ நடக்கும் தெருக்களே சொல்லும். ஆங்கிலேயருடன் ஒப்பந்தம் எழுதியது 1842இல் உன் ஊரில் நின்ற கப்பலில். திரும்பத் திரும்பத் தேர்வில் தோற்ற ஹோங் சியூச்சுவான் சிங் அரசுக்கு எதிராகக் கலகம் செய்து, 1853இலிருந்து 1864 வரைக்கும் நான்ஜிங்கைத் தலைநகராக வைத்து ஆண்டான். அந்தப் போரில் செத்தவர்கள் இரண்டு கோடி என்பது வழக்கமான மதிப்பீடு. சின்ஹுவாய் ஆற்றங்கரைத் தேர்வு மண்டபத்தை அவசியம் போய்ப் பார். ஒரே நேரத்தில் 20,000 பேருக்கு மேல் தனித்தனிக் கொட்டிலில் இருந்து எழுதிய இடம். 1905இல் அந்தத் தேர்வையே நிறுத்தினார்கள். 1911 அக்டோபரில் வூச்சாங்கில், புரட்சிக்காரர் பெயர்ப்பட்டியல் பொலிஸ் கையில் அகப்பட்டது. தலை போகும் என்று பயந்த சாதாரணச் சிப்பாய்கள் சுடத் தொடங்கினார்கள். சென் ஷெங்கின் 900 பேர் நின்ற அதே நிலைதான். 1912 பெப்ரவரியில் பேரரசு முடிந்தது.

கடைசியாக ஒரு சொந்த வேலை. சிங் அரசு 1896இல்தான் பேரரசுத் தபால் துறையைத் தொடங்கியது. அது அடித்த டிராகன் முத்திரைகள் மீந்துபோக, 1912இல் அவற்றின் மேலேயே சீனக் குடியரசு என்று அச்சிட்டு விற்றார்கள். அங்கே பழைய முத்திரை விற்கிறவர்கள் இருந்தால் ஒன்று என்ன விலை என்று கேட்டு எழுது. வாங்கிவிடாதே, போலி நிறைய உண்டு. படம் எடுத்து அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா