கண்டுபிடிக்கும் வேலைக்கும் கூலி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தில் பழைய கார்களைப் பழுதுபார்ப்பதில் தொடர்ந்து நடந்துவரும் ஒரு வீண் செலவைப் பற்றி எழுதுகிறேன். பழுது எங்கே இருக்கிறது என்று சோதித்து அறியாமல், பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதுதான் அது. இதற்கு மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. புதுப் பாகம் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் எடுத்துக் கொடுக்கத் தயங்காத நாம், பாகம் எதையும் மாற்றாமல் அரை நாள் உட்கார்ந்து குறையைக் கண்டுபிடித்தவர் கூலி கேட்டால், "என்ன செய்துவிட்டீர்கள்?" என்று கேட்கிறோம். அப்படிக் கேட்கப்பட்டவர், அடுத்த முறை பாகத்தை மாற்றத்தான் செய்வார்.

நான் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டிஎன் 74, டிஎன் 75 பதிவெண் கொண்ட எத்தனையோ பழைய கார்கள், 15 ஆண்டுப் பதிவுக் காலம் முடிந்த பிறகும், பசுமை வரி கட்டி, தகுதி காட்டி, 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை பதிவு புதுப்பிக்கப்பட்டு இங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன. கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் கல்யாண வீட்டுக்கும் போய்வர இவையே போதும் என்று வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் வருமானம் குறைவு. வீண் செலவு விழுவதும் அவர்கள் தலையில்தான்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருக்கும் உறவினர் ஒருவரின் மாருதி 800 காரில் செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், விளக்குகள் மங்கும், அவ்வளவுதான். பணிமனை ஒன்றில் முதலில் பேட்டரியை மாற்றினார்கள். பிறகு செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் அதனுள் தேயும் பாகங்களான கார்பன் புருசும் புஷ்ஷும் புதிதாகப் போட்டார்கள். சில நாட்கள் ஓடிவிட்டு வண்டி மறுபடியும் நின்றது. நான் போய்ப் பார்த்தபோது, செல்ஃப் அடிக்க அடிக்கக் கிளச் கேபிள் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடாவது தெரிந்தது. எஞ்சினிலிருந்து பேட்டரிக்குத் திரும்ப வேண்டிய மின்சாரம் தன் வழி அடைபட்டுப்போனதால், எஞ்சினையும் வண்டியின் உடலையும் தொட்டுக்கொண்டிருக்கும் கிளச் கேபிள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது என்பதே அதற்குப் பொருள். வோல்ட் அளக்கும் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அந்தத் திரும்பும் வழியான எர்த் கேபிளை அறுத்துப் பார்த்தால், வெளியே ரப்பர் உறை கறுப்பாகப் பளபளவென்று இருக்க, உள்ளே செம்பு முழுவதும் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. உப்புக் காற்று செய்த வேலை. சில நூறு ரூபாய்க்குக் கேபிள் வாங்கிப் போட்டவுடன் வண்டி எடுத்துவிட்டது. பழைய பேட்டரியையும் சோதித்தேன். அதில் குறை எதுவும் இல்லை.

முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கடலோரப் பகுதிகளில் உள்ளவர்கள், மின்சாரம் தொடர்பான எந்தக் கோளாறு வந்தாலும், பாகத்தைக் கழற்றும் முன் எர்த் இணைப்புகளைச் சுத்தம் செய்து பார்க்குமாறு மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும். ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது. இரவு முழுவதும் நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். ஓடும்போதும் 12 வோல்ட்டிலேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். அப்போதும், சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதற்கு முன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பின்னால் உள்ள வயர் கழன்றிருக்கிறதா என்று பார்ப்பதுதான் முறை.

அடுத்தது எஞ்சின் சூடேறுவது. எப்போது சூடேறுகிறது என்று உரிமையாளர் கவனித்துச் சொன்னாலே பாதிப் பழுது தெரிந்துவிடும். மார்த்தாண்டம் நெரிசலிலோ வடசேரிச் சந்திப்பிலோ நின்றால் சூடு காட்டும் முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்குகிறது என்றால், ரேடியேட்டர் ஃபேனையும் அதன் சுவிட்சையும் ஃபியூசையும் பார்க்க வேண்டும். காவல்கிணறு சாலையில் வேகமாகப் போகும்போதுதான் ஏறுகிறது என்றால், ரேடியேட்டர் அடைப்பு, தண்ணீர் பம்பு, எஞ்சின் சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். தண்ணீர் வெளியே எங்கும் ஒழுகாமல் குறைந்துகொண்டே வந்தாலோ, புகைக்குழாயில் விடாமல் வெண்புகை வந்தாலோ, ஆயில் வெளுத்துக் குழம்பியிருந்தாலோதான், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பற்றிப் பேச வேண்டும். எடுத்த எடுப்பிலேயே ஹெட்டைக் கழற்றிவிட்டு, பிறகு இருபது ரூபாய் ஃபியூசைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நம் ஊரில் பலரும் நம்புகிறார்கள். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடிப் பெட்ரோலைக் குடிப்பதுதான் அதனால் கண்ட பலன். கடலோரக் கிணற்று உவர்நீரை ரேடியேட்டரில் ஊற்றும் வழக்கத்தையும் விட வேண்டும். அதற்கென்று விற்கும் கூலன்ட்டை ஊற்றினால் உட்புறம் உப்புப் படிவதும் துருப்பிடிப்பதும் குறையும்.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மழைக்காலத்துக் காலைகளில் எஞ்சின் சீராக ஓடாமல் மிஸ் அடிப்பதாகச் சொல்லி வருபவர்களின் கார்களில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரைப் பிரித்துப் போடுவது வாடிக்கையாகிவிட்டது. இருட்டிய பிறகு பானட்டைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால், விரிசல் விட்ட பிளக் வயரிலோ, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியிலோ நீலப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். இதற்குச் செலவு எதுவுமில்லை, கையை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால், அந்தக் கலவைக்கென்று செய்யப்படாத பழைய கார்களின் ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் அவ்வப்போது தடவிப் பார்த்துக்கொள்வது அவசியம். பெட்ரோல் வாடை வந்தால் அந்தக் காரை எடுக்கவே கூடாது.

வளைகுடா நாடுகளில் வேலை செய்பவர்களின் வீடுகளில் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் கார்கள் தனி ரகம். விடுமுறைக்கு வந்தவர் விமான நிலையத்திலிருந்து வந்த களைப்போடு சாவியைத் திருப்ப, பேட்டரி இறங்கியிருக்கும், ஹேண்ட்பிரேக் பிடித்தபடியே இறுகியிருக்கும், எலி வயரைக் கடித்திருக்கும். புறப்படும் முன் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, ஹேண்ட்பிரேக்குக்குப் பதிலாகக் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுப் போனால் முதல் இரண்டும் பெரும்பாலும் நேராது. எலிக்கு மட்டும் என்னிடம் வழியில்லை.

பிரேக்கைப் பற்றி ஒன்றே ஒன்று. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மிதித்தால் பெடல் தரை வரை இறங்கும் வண்டியை, பணிமனை வரை ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்காமல், மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள்.

என் கோரிக்கைக்கு வருகிறேன். பணிமனைகள் ரசீதில் சோதனைக் கூலி என்று ஒரு வரியைத் தனியாகப் போட வேண்டும். எந்தச் சோதனை செய்தோம், என்ன அளவு காட்டியது, அதனால் எந்தப் பாகத்தை மாற்றினோம் என்பதை இரண்டு வரியில் எழுதித் தர வேண்டும். கழற்றிய பழைய பாகத்தை உரிமையாளர் கேட்காமலே கையில் கொடுக்க வேண்டும். உரிமையாளர்கள் அந்தக் கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கப் பழக வேண்டும். இப்படி எழுத்தில் இருந்தால், சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தாலும் இரு தரப்புக்கும் அதுவே ஆதாரமாகும்.

இளம் மெக்கானிக்குகள் பலர், புதிய கார்களின் கணினியில் மாட்டிக் கோளாறைப் பார்க்கும் ஸ்கேனர் காட்டுவதைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள். ஆனால் ஸ்கேனர் மாட்ட வழியே இல்லாத கார்புரேட்டர் வண்டிகளை என்ன செய்வது என்று சொல்லித்தர வேண்டிய ஆசான்கள் ஒவ்வொருவராகத் தொழிலை விட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாகர்கோவில் கோணம் பகுதியிலுள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில், மாலை நேரத்தில், மீட்டரையும், எஞ்சினின் உறிஞ்சு விசையை அளக்கும் வேக்குவம் கேஜையும், அதன் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜையும் கொண்டு பழுதைக் கண்டறியும் குறுகிய காலப் பயிற்சி ஒன்றை நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள் சம்பளம் இல்லாமலே வந்து சொல்லிக்கொடுக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பணிமனைத் தொழில்நுட்பப் பணியாளர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.