பகுதி சபையில் கேட்ட வேலை ஏன் நடப்பதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபை, அதாவது வார்டின் ஒவ்வொரு பகுதிக்குமான மக்கள் கூட்டம், கூடுகிறது. மக்கள் வருகிறார்கள், பேசுகிறார்கள், மனு கொடுக்கிறார்கள். அடுத்த கூட்டத்திலும் அதே தெரு, அதே சாக்கடை, அதே மனு. கவுன்சிலருக்கு அக்கறை இல்லை, அதிகாரிகள் அசட்டை என்று நாம் கோபப்படுகிறோம். சில வார்டுகளில் அது உண்மையும்கூட. ஆனால் கோரிக்கைகள் கோப்பாக மாறாமலே நின்றுபோவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அவை எழுதப்படும் விதமும் எழுதப்படும் மாதமும் தவறாக இருக்கின்றன. இவ்விரண்டையும் வார்டு மக்களே திருத்திக்கொள்ளலாம் என்பதால்தான் இந்தக் கடிதம்.

அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்தது. 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழு இருந்தே ஆக வேண்டும் என்று 243-எஸ் பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபைக்கான சட்டத் திருத்தம் 2010-இல் வந்தது. விதிகள் வர 2022 ஆயிற்று. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சிகள் தினத்தில், முதல் பகுதி சபைகள் கூடின. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே கலந்துகொண்டார். அதற்கு முன், 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. தனி அலுவலர்கள்தான் நிர்வகித்தார்கள். கிராமங்களில் கிராம சபை என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். நகரத்தில் அந்தப் பழக்கம் இப்போதுதான் வேர்பிடிக்கிறது. ஆகவே தடுமாற்றம் இருப்பது இயல்பு.

அமைப்பு எளிதானது. ஒரு வார்டு பல பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. 200 வார்டுகள் கொண்ட சென்னையில் வார்டுக்கு 10 பகுதிகள். சிறிய ஊர்களில் எண்ணிக்கை குறைவு. அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லோருமே பகுதி சபையின் உறுப்பினர்கள். பகுதிக்கு ஒரு பிரதிநிதி. இந்தப் பிரதிநிதிகளும் தலைவராகக் கவுன்சிலரும் சேர்ந்ததுதான் வார்டு குழு. பிரதிநிதிகளை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை, அவர்கள் நியமிக்கப்படுகிறார்கள். எங்கள் பார்வையில் இந்த அமைப்பின் பெரிய பலவீனம் இதுதான். கட்சிக்காரர் என்ற தகுதி மட்டுமே உள்ளவர் பிரதிநிதியானால், எதிர்க்கட்சிக்கு ஓட்டுப்போட்ட தெரு கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடும். பிரதிநிதியின் பெயரையும் அவர் பொறுப்பில் உள்ள தெருக்களின் பட்டியலையும் வார்டு அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டி வைத்தாலாவது, யாரிடம் கேட்பது என்பது எல்லாத் தெருவுக்கும் தெரியும்.

ஒரு வேலை கூட்டத்திலிருந்து தெருவுக்கு வரும் பாதையைப் பாருங்கள். பகுதி சபையில் பேசியது வார்டு குழுவின் தீர்மானமாக வேண்டும். உதவிப் பொறியாளர் இடத்தைப் பார்த்துச் செலவு மதிப்பீடு தயாரிப்பார். அதற்குத் தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி. தொகையைப் பொறுத்து மண்டலக் குழுவுக்கோ, கவுன்சிலர்கள் எல்லோரும் கூடும் மாமன்றத்துக்கோ விவாதப் பொருளாகப் போகும். தீர்மானம் நிறைவேறிய பிறகு டெண்டர், பணி உத்தரவு, வேலை, முடிந்த வேலையின் அளவுகளை எழுதும் அளவுப் புத்தகத்தில் பதிவு, கடைசியில் பில். இதில் எந்தப் படியிலும் கோப்பு நிற்கலாம். ஆனால் பெரும்பாலும் நிற்பது மதிப்பீட்டுக்கு முன்னால்தான். மதிப்பீடு போடத் தேவையான விவரமே தீர்மானத்தில் இருப்பதில்லை.

“எங்கள் தெருவில் சாலை மோசமாக உள்ளது, சரிசெய்ய வேண்டும்” என்று எழுதினால் உதவிப் பொறியாளரின் பட்டியலில் அது ஒரு வரி மட்டுமே. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “கிழக்குத் தெரு, கதவு எண் 14 முதல் 52 வரை. நீளம் 180 மீட்டர், அகலம் 4.5 மீட்டர். தார்ச்சாலை. கதவு எண் 30-க்கு எதிரே மழைநீர் இரண்டு நாள் தேங்குகிறது. பாதாளச் சாக்கடை மூடிகள் ஆறு. அவற்றில் இரண்டு சாலை மட்டத்துக்குக் கீழே உள்ளன. பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய அடுக்கு போட வேண்டும்.” இதை வைத்து மதிப்பீட்டின் முதல் வடிவத்தை அலுவலகத்தில் உட்கார்ந்தே போட்டுவிடலாம். தெருவிளக்கு என்றால் கம்பத்தில் பெயின்டில் எழுதியிருக்கும் எண்ணைக் குறியுங்கள். “மாரியம்மன் கோயில் பக்கத்து விளக்கு” என்று எழுதினால் லைன்மேன் வேறு கம்பத்தைச் சரிசெய்துவிட்டுப் போவார்; புகார் முடிந்தது என்று கணக்கும் எழுதப்பட்டுவிடும்.

மாதத்தைப் பற்றி. மாநகராட்சி பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் தாக்கலாகிறது. அதில் ஏற வேண்டிய வேலைகளின் பட்டியல் அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே துறைகளில் தயாராகிவிடும். ஆகவே செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் வார்டு குழுத் தீர்மானமாகப் போய்ச் சேராத பெரிய வேலை, அடுத்த நிதியாண்டையும் தாண்டி அதற்கடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். புணே மாநகராட்சியில் 2006 முதல் பட்ஜெட்டுக்குப் பல மாதங்கள் முன்பே பொதுமக்களிடம் படிவம் கொடுத்து வார்டு வேலைகளைக் கேட்டு வாங்குகிறார்கள். நம் ஊரிலும் ஆண்டின் பிற்பகுதிக் கூட்டத்தைப் புது வேலைகளுக்கென்றே ஒதுக்கலாம். ஆண்டின் முதல் பாதிக் கூட்டத்தில் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: நாங்கள் கொடுத்த பட்டியலில் எவை பட்ஜெட்டில் ஏறின, ஏறாதவை எந்தக் காரணத்தால் நின்றன?

மழைநீர் வடிகாலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வார்டு குழுக்களில் அதிகம் கேட்கப்படும் வேலை இது. கட்டிய பிறகும் அதிகம் ஏமாற்றும் வேலையும் இதுதான். வடிகால் என்பது சரிவு. 200 மீட்டர் வடிகாலை 400-க்கு 1 என்ற சரிவில் கட்டினால், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் 50 சென்டிமீட்டர் இறக்கம் வேண்டும். அந்த முடிவு மட்டம், தண்ணீர் போய்ச் சேரும் கால்வாயின் அடிமட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். கால்வாயில் வண்டல் ஏறி அடிமட்டம் உயர்ந்திருந்தால், முதல் மழையிலேயே தண்ணீர் எதிர்த்துத் தெருவுக்குள் வரும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். கண்ணாடி போலத் தெளிவான 20 மீட்டர் பிளாஸ்டிக் குழாயில் காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, தண்ணீர் அசையாமல் நின்றதும் இரண்டு பக்கமும் தரையிலிருந்து அந்த மட்டம் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதிக்கொண்டே போக வேண்டும். 200 மீட்டர் தெருவுக்குப் பத்து அளவு. அரை நாள் வேலை. இந்த அளவுகளைத் தீர்மானத்தோடு இணைத்துக் கொடுத்தால், பொறியாளர் தன் கருவியால் சரிபார்க்காமல் மதிப்பீட்டில் கையெழுத்துப் போடத் தயங்குவார். நமக்கு வேண்டியதும் அந்தச் சரிபார்ப்புதான்.

வடிகால் கட்டிய பிறகும் பார்வை வேண்டும். சாலைத் தண்ணீர் வடிகாலுக்குள் இறங்கும் துளைகள் சாலை மட்டத்துக்குக் கொஞ்சமாவது கீழே இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு சாலை போடும்போது தாரும் ஜல்லியும் இந்தத் துளைகளை அடைத்துவிடும். அப்புறம் வடிகால் காலியாகக் கிடக்கும், தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். வீட்டுக் கழிவுநீரை இரவோடு இரவாக இதில் இணைப்பது இன்னொரு கேடு. பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் இது அதிகம். இதைத் தடுக்கச் சுவரொட்டி உதவாது. அந்தத் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை கேட்கும் தீர்மானத்தைத்தான் வார்டு குழு முதலில் போட வேண்டும்.

வேலைகளின் வரிசையும் அப்படித்தான். முதலில் பாதாளச் சாக்கடை, அடுத்து குடிநீர்க் குழாயும் வீட்டு இணைப்புகளும், பிறகு கேபிள், பிறகு வடிகால், கடைசியில்தான் சாலை. இந்த வரிசை தலைகீழானால் புதுச் சாலையை ஆறே மாதத்தில் வெட்டுவார்கள். சாலை கேட்கும் ஒவ்வொரு தீர்மானத்திலும் “இந்தத் தெருவில் நிலுவையில் உள்ள சாலை வெட்டு அனுமதிகள் எவை” என்ற கேள்வியைச் சேருங்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய அடுக்கு போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தியிருக்கிறார். சுரண்டாமல் 40 மில்லிமீட்டர் அடுக்கை மூன்று முறை போட்டால் சாலை 12 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும், வாசற்படி பள்ளமாகிவிடும். வேலை நடக்கும் அன்று, சுரண்டும் இயந்திரம் வந்ததா என்று பார்ப்பதே பெரிய தணிக்கை.

எல்லாமே மாநகராட்சியின் கையில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பேருந்து ஓடும் பெரிய சாலைகள் பலவும் நெடுஞ்சாலைத் துறையுடையவை. மின்கம்பமும் டிரான்ஸ்ஃபார்மரும் மின்வாரியத்துடையவை. தெருவிளக்கு மட்டும் மாநகராட்சி. சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. பெரிய கால்வாய்கள் நீர்வளத் துறை. பட்டா கொடுப்பது வருவாய்த் துறை. துறை மாறி எழுதிய தீர்மானம் மேசை மேசையாக அலையும். கூட்டத்துக்கு அந்தந்தத் துறையின் உதவிப் பொறியாளரையும் கவுன்சிலர் கடிதம் எழுதி அழைத்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

மக்கள் பங்களிப்போடு நடக்கும் நமக்கு நாமே திட்டத்திலும் ஒரு கணக்குப் பிழை திரும்பத் திரும்ப நேர்கிறது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும். பூங்காவுக்கோ பள்ளி வகுப்பறைக்கோ வெளியில் கொட்டேஷன் வாங்கி, 10 லட்சம் ஆகும் என்று கணக்குப் போட்டு, தெருவில் 3 லட்சத்து 33 ஆயிரம் வசூலித்து விடுகிறார்கள். மாநகராட்சி மதிப்பீட்டில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் அது 11 லட்சத்து 80 ஆயிரம். மக்கள் பங்கு 3 லட்சத்து 93 ஆயிரம் ஆகிவிடும். தொழிலாளர் நலநிதி முதலான பிற இனங்கள் இதற்கு மேல். குறைவது 60 ஆயிரம்தான் என்றாலும், ஒருமுறை கொடுத்தவர்களிடம் மறுபடி போய் நிற்க முடியாமல் வசூல் குழு கலைந்துபோகும், கோப்பும் படுத்துவிடும். முதலில் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், அதன் பிறகு வசூலியுங்கள். பூங்கா என்றால் தண்ணீர் இணைப்பு, காவலாளி, மின்கட்டணம் ஆகியவற்றை யார் ஏற்பது என்பதையும் அந்தத் தீர்மானத்திலேயே எழுதி வாங்குங்கள். திறப்பு விழாவுக்குப் பிறகு வாடிப்போகும் பூங்காக்கள் பலவும் இந்த ஒரு வரி இல்லாததால் வாடியவை.

கூட்டக் குறிப்பேட்டில் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எண் இருக்கட்டும். வந்தவர்களின் கையெழுத்து தீர்மானங்களுக்குக் கீழே, அதே பக்கத்தில் இருக்கட்டும். தனி வருகைத் தாளில் வாங்கிய கையெழுத்தை யாரும் எந்தத் தீர்மானத்தோடும் சேர்த்துவிட முடியும் என்பதை மறக்க வேண்டாம். குறிப்பின் நகலைக் கைபேசியில் படமெடுத்து அன்றைக்கே பகுதி மக்களுக்கு அனுப்பிவிட வேண்டும். மூன்று மாதமாகியும் பதில் இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி, தீர்மான எண்ணைக் குறித்து, மதிப்பீட்டு நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வேலை நடக்கும்போது நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவு இடம் தருகிறது. இந்த உரிமையைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு என்பது எங்களுக்கு வருத்தம்.

அரசிடமும் மாநகராட்சிகளிடமும் நாங்கள் கேட்பது மூன்று. பகுதி சபை நடக்கும் இடமும் நேரமும் குறைந்தது ஏழு நாள் முன்பாக ஒவ்வொரு தெருவிலும் தெரிய வேண்டும். தெருப் பெயர், கதவு எண், நீளம், அகலம், எந்தத் துறை என்ற கட்டங்கள் உள்ள ஒரே பக்கப் படிவத்தை எல்லா வார்டுகளுக்கும் அச்சிட்டுத் தர வேண்டும். ஒவ்வொரு கூட்டமும் முந்தைய கூட்டத்தின் தீர்மானங்களை எண் வாரியாக வாசித்து, அதனதன் நிலையைச் சொன்ன பிறகே புதிய கோரிக்கைகளைக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
வார்டு குழு நடைமுறைகளைக் கவனித்து வரும் குடியிருப்போர்