விடுதிப் பயிற்சி: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சேர்க்கை எண்ணிக்கையும் வரவு செலவும் பொருளாளர் வாசிக்கும் கணக்கில் உள்ளன. விடுதியில் தங்கி வயரிங் பயிற்சி பெறும் பிள்ளைகள் எந்தக் கட்டத்தில் நின்றுவிடுகிறார்கள், ஏன் என்பதைப் பற்றியதே இந்த அறிக்கை. பாடம் புரியாமல் நிற்பவர்கள் குறைவு. விடுதிக்கு வந்த முதல் பத்து நாளிலும், வேலைக்குப் போன முதல் இரண்டு மாதத்திலும்தான் அதிகம் பேர் கழன்றுகொள்கிறார்கள்.

முதல் பத்து நாளில் பெரிய காரணம் சோறு. ஒரு வேளைக்குத் தலைக்கு 150 கிராம் அரிசி என்று போட்ட கணக்கு, பகல் முழுக்க வயர் பதிக்கச் சுவரில் காடி வெட்டிய பிள்ளைகளுக்கு இரவில் போதவில்லை. 200 கிராம் ஆக்கியதும் முணுமுணுப்பு அடங்கியது. அடுத்தது ஊர்த் திருவிழா. கோயில் கொடைக்கு விடுப்பு மறுத்தால் பையோடு போய்விடுவார்கள். இரண்டு நாள் அனுப்பினால் பெரும்பாலும் திரும்பி வருவார்கள். ஆடி மாதத்தில் புதிய பயிற்சி அணி தொடங்குவதை இனி விட்டுவிடலாம்.

சான்றிதழ்களைச் சேர்ந்த வாரத்திலேயே சரிபார்க்க வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், மாற்றுச் சான்றிதழில் இன்ஷியலோடு வேறு பெயர் என்றிருந்தால் பயிற்சி முடியும்வரை யாருக்கும் உறுத்தாது. வேலையில் சேர்ந்து பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) எண் உருவாக்கும்போது சிக்கும். வங்கிக் கணக்கும் அப்படித்தான். இரண்டு ஆண்டு வரவு செலவு செய்யாத கணக்கு செயலற்றதாகிவிடும். பள்ளியில் உதவித்தொகைக்காகத் திறந்த கணக்குகள் பல இந்த நிலையில்தான் வருகின்றன. பாஸ்புக்கோடு கிளைக்கே அழைத்துப்போய்க் கே.ஒய்.சி. எனும் அடையாள ஆவணங்களைக் கொடுத்து, நூறு ரூபாய் போட்டு எடுத்துக் காட்டுவதே வழி.

வயரிங் பயிற்சி 576 மணி நேரம். நாளைக்கு எட்டு மணி என்றால் 72 வேலை நாள். ஐ.டி.ஐ. எனும் தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு ஆண்டு படிக்கும் வயர்மேன் வேலையை இதற்குள் கற்றுத்தர முடியாது. நம்மிடமிருந்து வெளியே போவது நல்ல ஹெல்பர். இதைச் சேர்க்கை நாளிலேயே பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவர்கள் ஐ.டி.ஐ.யில் வயர்மேன், வெல்டர் பிரிவுகளில் சேரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்; அங்கே இடம் கிடைப்பவரை நாம் பிடித்து வைக்கக் கூடாது.

பட்டறையில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் சில. கத்தியால் உறை சீவும்போது செம்பு இழைகள் வெட்டுப்படுகின்றன; முனையில் இழை குறைந்தால் அந்த இடம் சூடாகும். உறை உரிக்கும் ஸ்டிரிப்பர் பழகும்வரை பழைய துண்டு வயரே போதும், புதுச் சுருளைத் தொட விடுவதில்லை. ஸ்விட்சை மின்சாரம் வரும் ஃபேஸ் வயரில் போடாமல், அது திரும்பும் நியூட்ரல் வயரில் போட்டாலும் விளக்கு எரியும், அணையும். அதனால் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருப்பதை டெஸ்ட் லேம்ப் வைத்துக் காட்டினால்தான் மனதில் நிற்கிறது. விளக்குச் சுற்றுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5 சதுர மி.மீ. வயர் என்று ஒப்பிப்பார்கள், கையில் கொடுத்தால் எது எது என்று தெரியாது. வாரம் ஒருமுறை கலந்து கொட்டிப் பிரிக்கச் சொல்வது நல்ல பலன் தருகிறது. போர்டு முடிந்ததும் மெயினை அணைத்து, பல்புகளைக் கழற்றி, வயர் உறையின் காப்புத்தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் குறைந்தது ஒரு மெகாஓம் காட்டினால் மட்டுமே இணைப்பு. இதில் சலுகை கிடையாது.

படிப்பில் தடுப்பது பின்னமும் அலகு மாற்றமும். பத்தாவது தேறியவர்களுக்கே வாட்டுக்கும் யூனிட்டுக்கும் உள்ள வேறுபாடு குழம்புகிறது. விடுதி மீட்டரை இரவும் காலையும் குறித்து, 1000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்று கணக்குப் போடவைக்கிறோம். தவறிய பாடங்களை எழுதுவோருக்கு மாலையில் ஒரு மணி நேரம் தனி வகுப்பு உண்டு.

இனி வேலை. ஓசூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் முதல் மாதத்திலேயே திரும்புவதற்குக் காரணம் சம்பளத் தேதி. மாதத் தொடக்கத்தில் சேர்ந்தவருக்கு அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் சம்பளம் வரும். அதுவரை ஏறக்குறைய 40 நாள் சாப்பாடு, வாடகை, பஸ் எல்லாம் கைக்காசு. வீட்டில் வாங்க வழியில்லாதவன் ஊருக்கு வண்டி ஏறிவிடுகிறான். நாமோ அவனுக்குப் பொறுமை இல்லை என்று எழுதி வைக்கிறோம்!

கிராமப்புற இளைஞர்களுக்குத் தொழில் பயிற்சி தர மத்திய அரசு 2014-இல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா திட்டத்தின் 2016 நெறிமுறைகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தன: வேலைக்குப் போன பின் மாதம் 1000 ரூபாய் உதவி. சொந்த மாவட்டத்தில் 2 மாதம், மாநிலத்துக்குள் வேறு மாவட்டமானால் 3 மாதம், வெளி மாநிலமானால் 6 மாதம். ஆனால் சம்பளச் சீட்டு கிடைத்து, கணக்கு சரிபார்த்த பிறகே அந்தப் பணம் வந்தது. பசி அதற்கு முந்தியது.

முதல் சம்பளச் சீட்டையும் நாம் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம் பிடித்தம் என்று முன்பே தெரியாதவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று வேலையை விடுகிறார்கள். கடைசி வாரத்தில் மாதிரிச் சீட்டு வைத்து ஒரு வகுப்பு சேர்த்துள்ளோம்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்கள் வைக்கிறேன். வேலைக்குச் செல்லும் ஒவ்வொருவருக்கும் 40 நாள் சாப்பாட்டுச் செலவை வட்டியில்லா முன்பணமாகக் கொடுத்து, இரண்டாம் சம்பளத்திலிருந்து நான்கு தவணையில் திரும்பப் பெறுவது. பட்டறைக்கு இரண்டாவது மெக்கர் வாங்குவது. ஒன்று பழுதானால் அன்று எந்தப் போர்டுக்கும் இணைப்பு கொடுக்க முடிவதில்லை.

இப்படிக்கு,
செயலாளர்